ஆடி மாசத்து மத்தியானச் சாப்பாடு

ஆனித் தேரோட்டம் முடிந்து ஆடி பிறந்தால் எங்கள் வீட்டில் கோட்டை அடுப்பு அணைந்துவிடும். முகூர்த்தம் கிடையாது, ஜோலி கிடையாது. திருநெல்வேலி டவுனில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிற குடும்பம் எங்களுடையது. அப்பாவைத் தவசுப்பிள்ளை என்பார்கள், என்னை கேட்டரிங்காரர் என்கிறார்கள். ஆடியும் மார்கழியும்தான் எனக்கும் வீட்டுக்காரிக்கும் ஊர் சுற்றக் கிடைக்கிற மாதங்கள். திருவனந்தபுரம் போய் விமானம் ஏறுவோம். போகிற ஊரில் நான் முதலில் விசாரிப்பது, அங்கே பேர் வாங்கிய சமையல்காரர் மத்தியானத்துக்கு என்ன போடுகிறார் என்பதை.

மத்தியானம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெரிய உணவகங்களில் ராத்திரிச் சாப்பாடு நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டாது. அதே அடுப்படியில், அதே கைகள் செய்கிற பகல் செட் மெனு, அதாவது இன்னின்ன பதார்த்தம், மொத்தமாக இன்ன விலை என்று அவர்களே வகுத்து வைத்த சாப்பாடு, பல ஊர்களில் பாதி விலைக்கு, சில இடங்களில் அதற்கும் கீழே கிடைக்கும். பாரிஸில் அலெய்ன் பஸார் நடத்துகிற லார்பேஜ் என்ற உணவகம், மிஷ்லின் என்கிற உணவக வழிகாட்டி கொடுக்கிற மூன்று நட்சத்திரத்தை 1996-இல் வாங்கியது. 2025 ஜூலையில் அவர் இறைச்சி, மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, தேன் ஒன்றைத் தவிர முழுக்கக் காய்கறிக்கு மாறினார். அப்போது பெரிய மெனு 420 யூரோ, பகல் மெனு 260 என்று செய்தியில் வந்தது. 260-உம் எங்களுக்குக் கூடுதல்தான், போகவில்லை. ஆனால் நட்சத்திரம் குறைந்த இடங்களிலும், நட்சத்திரமே இல்லாத நல்ல இடங்களிலும் பகலுக்கும் ராத்திரிக்கும் இந்த இடைவெளி உண்டு.

ஏன் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று என் மச்சினன் கேட்டான். "மிச்சத்தைப் போடுதானோ அத்தான்?" என்றான். அப்படி இல்லை. இது எங்கள் இலைக் கணக்குதான். வாடகை ஓடிக்கொண்டே இருக்கிறது. ராத்திரிக்குக் காய் நறுக்க, சாறு வடிக்க ஆட்கள் காலையிலேயே வந்தாயிற்று. பகலில் மேஜை காலியாகக் கிடந்தால் அந்தச் சம்பளம் வீண். செட் மெனு என்றால் ஒரே சரக்கு லிஸ்ட். யார் என்ன கேட்பார்களோ என்று இருபது வகையை வாங்கி அடுக்க வேண்டாம். முந்நூறு இலைக்கு எத்தனை தேங்காய் என்று எனக்கு முந்தின நாளே தெரிகிற மாதிரி அவர்களுக்கும் அளவு தெரிந்துவிடும். பகலில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஆபீஸ்காரர்கள், ஒன்றரை மணி நேரத்தில் எழுந்துபோக வேண்டும். அதனால் பதார்த்தம் குறைவு, விலையும் குறைவு. லாபத்தை ராத்திரி மது பார்த்துக்கொள்ளும்.

சிங்கப்பூரைப் பற்றி ஒன்றே ஒன்று. விலைக்குப் பக்கத்தில் ++ என்று போட்டிருப்பார்கள். முதல் பிளஸ் சேவைக் கட்டணம் 10 சதவீதம், இரண்டாவது ஜிஎஸ்டி, 2024 முதல் 9 சதவீதம். சேவைக் கட்டணம் சேர்த்த தொகை மேல்தான் வரி. 48 டாலர் என்று இருந்தால் கையை விட்டுப் போவது 57.55. செட் லஞ்ச் அநேகமாகத் திங்கள் முதல் வெள்ளி வரைதான். சனி, ஞாயிறை மாமன் மச்சான் வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸுக்கு ஆடியில் போகாதீர்கள். ஆகஸ்டில் அங்கே பல நல்ல உணவகங்கள் வாரக்கணக்கில் பூட்டிவிட்டு விடுமுறைக்குப் போய்விடுகின்றன. நாங்கள் மார்கழியில் போனோம். போட்டிருக்கிற விலையிலேயே வரியும் சேவையும் அடக்கம். ரொட்டிக்குக் காசு இல்லை, குழாய்த் தண்ணீரை ஜாடியில் கேட்டால் அதற்கும் இல்லை. பன்னிரண்டு மணிக்குத் திறந்தால் இரண்டு மணிக்கு மேல் அடுப்படியில் ஆள் இருக்காது, ஒரு மணிக்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும். முதலில் லீக் வந்தது. வெங்காயத்தாள் இனம், ஆனால் குழந்தை மணிக்கட்டுத் தடிமன். முழுசாக வேகவைத்து ஆறவிட்டு, நீளவாக்கில் பிளந்து, கடுகு அரைத்த விழுதும் வினிகரும் எண்ணெயும் அடித்த சாற்றை மேலே விட்டிருந்தார்கள். கத்தி இறங்கினதே தெரியவில்லை, அப்படி ஒரு பதம். ஆனால் உருக்குலையவில்லை. தட்டில் மிஞ்சின சாற்றை வீட்டுக்காரி ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டாள். பரிமாறுகிற பையன் அதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னும் இரண்டு துண்டு ரொட்டி கொண்டுவந்து வைத்தான். பந்தி விசாரிக்கத் தெரிந்தவன்.

ஜப்பானில் கியோட்டோவைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊரின் மேற்கே அராஷியாமாவில் தென்ரியூஜி என்ற ஜென் பௌத்தக் கோயில், 1339-இல் நிறுவியது. அதற்குள்ளேயே ஷிகெட்சு என்று ஒரு சாப்பாட்டுக்கூடம். பகலில் மட்டும்தான். ஷோஜின் ரியோரி என்கிற துறவிகள் சமையல். மீன் கிடையாது, இறைச்சி கிடையாது, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. பெரிய ஹோட்டல் பகட்டு எதுவும் இல்லை, ஆனால் நான் சாப்பிட்ட செட் மெனுக்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

தரையில் பாய், அதில் வரிசையாக உட்கார வைக்கிறார்கள். முன்னால் சிவப்பு அரக்குப் பூசிய தாழ்வான தட்டுப்பலகை. சோறு, சூப், சின்னச் சின்னக் கிண்ணங்களில் கறிவகை. எங்கள் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரத் தம்பதி காலை மடக்க முடியாமல் தவித்தார்கள். வீட்டுக்காரி சம்மணம் போட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு, முதல் பந்தியில் உட்கார்ந்த சம்பந்தியம்மா தோரணையில் இருந்தாள்.

ஒரு கிண்ணத்தில் எள்ளு டோஃபு. பேர்தான் டோஃபு, வழக்கமான டோஃபு மாதிரி சோயாப்பாலில் செய்தது இல்லை. எள்ளை வெண்ணெயாக அரைத்து, குட்ஸு என்கிற கிழங்கு மாவோடு தண்ணீரில் கரைத்து, அடுப்பில் கை விடாமல் கிண்டி ஆறவைத்து வெட்டுகிறார்கள். சதுரமாக, இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு. தலையில் பச்சை நிறத்தில் துளி வசாபி, காரமான ஜப்பானிய விழுது. வாயில் வைத்ததும் எள்ளு மணம் முதலில் வரவில்லை. குளிர்ச்சிதான் வந்தது. கரைந்த பிறகு, தொண்டைக்குப் போகிற நேரத்தில், நம் வீட்டு எள்ளுத் துவையலில் வருகிற அந்த வறுத்த வாசம் எழுந்தது. கட்டி தட்டாமல், மாவு வாடை அடிக்காமல் அந்தப் பதத்துக்குக் கொண்டுவர எத்தனை நேரம் நின்று கிண்டியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கம் மறுவீட்டுக்குச் சொதி வைப்போம். தேங்காய்ப்பால் மந்தம் என்பதால் இஞ்சித் துவையல் இல்லாமல் அந்தப் பந்தி கிடையாது. இஞ்சி வேண்டுமா என்று மாப்பிள்ளையை யாரும் கேட்பதில்லை, இலையில் விழுந்துவிடும். செட் மெனுவில் நான் தேடிப்போவது இதைத்தான். எதற்குப் பின்னால் எது, கனத்ததை எங்கே வைப்பது, புளிப்பை எங்கே வைப்பது என்று ஒரு சமையல்காரர் யோசித்த யோசனை முழுசாக நம் முன்னால் வந்துவிடுகிறது. தனித்தனியாக ஆர்டர் செய்தால் அது கிடைக்காது.

சைவக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. போய் உட்கார்ந்த பிறகு சொல்லாதீர்கள். செட் மெனுவில் மாற்று செய்ய அடுப்படிக்கு அவகாசம் வேண்டும். முன்பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். வெஜிடேரியன் என்று மொட்டையாக எழுதினால் போதாது. ஜப்பானில் சாதாரணக் கூட்டிலும் சூப்பிலும் காய்ந்த பொனிட்டோ மீனில் எடுத்த தாஷி என்கிற சாறு இருக்கும். பிரான்சில் சாற்றுக்குக் கோழி எலும்பு போட்டிருப்பார்கள், இனிப்பில் விலங்குத் தோலிலும் எலும்பிலும் எடுக்கிற ஜெலட்டின் இருக்கும். மீன் சாறு, எலும்புச் சாறு, ஜெலட்டின் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி எழுதுங்கள். முட்டையும் பாலும் பரவாயில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், அவர்களுக்குக் கை கொஞ்சம் விரியும். நல்ல சமையல்காரர் இதைத் தொந்தரவாக நினைப்பதில்லை. ஜைனர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிழங்கில்லாமல் சமைக்கச் சொன்னால் நான் முகம் சுளிப்பேனா?

"ஒரு மத்தியானத்துக்கு அம்புட்டு ரூவாயா அத்தான்? ரைஸ் குக்கரும் பருப்புப்பொடியும் கொண்டு போனா ஒரு வாரம் ஓடிருமே" என்கிறான் மச்சினன். கொண்டுதான் போகிறோம். காலையும் ராத்திரியும் பொடிச்சோறுதான். அதில் மிச்சம் பிடித்த காசில்தான் ஒரு ஊருக்கு ஒரு நல்ல மத்தியானம்.

வருகிற மார்கழிக்கு ஸ்பெயின். அங்கே மெனு தெல் தியா என்று 1960-களில் சுற்றுலாவுக்காக அரசாங்கமே விதி போட்டுத் தொடங்கிவைத்த பகல் செட் சாப்பாடு, இன்றைக்கும் மூலை முடுக்கெல்லாம் உண்டு. ரொட்டி, குடிக்க ஒன்று, இனிப்பு எல்லாம் விலைக்குள் அடக்கம். இரண்டு மணிக்கு மேல்தான் பந்தி சூடு பிடிக்கும். பருப்பிலும் கீரையிலும்கூடப் பன்றிக்கறித் துண்டு போடுகிற நாடு என்பதால் இந்த முறை முன்பதிவுக் கடிதம் நீளமாக இருக்கும். பெயரன் ஸ்பானிஷ் மொழியில் போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறான். சாறு, கொழுப்பு, துண்டு என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறேன்.