பத்தாவது போல்ட் ஒருவழியாகப் பிடித்தது: வீட்டு ஷெட்டில் டூ போஸ்ட் லிஃப்ட்

நேற்று சாயங்காலம் என் மாருதி 800, டூ போஸ்ட் லிஃப்டில் (இரண்டு தூணில் ஏறி இறங்கும் கைகளால் காரைத் தூக்கும் இயந்திரம்) தரையிலிருந்து ஐந்தடி மேலே நின்றது. அதன் கியர்பாக்ஸை நிமிர்ந்து நின்றபடி பார்த்தேன். இத்தனை வருடம் ஜாக்கி போட்டு மல்லாந்து கிடந்து, கண்ணில் துரு கொட்ட வேலை பார்த்தவர்களுக்கு அந்த நிமிடம் எப்படி இருந்தது என்று புரியும்.

தளத்தைப் பற்றி நீட்டவில்லை. பழைய தரை நாலு அங்குலம்தான் என்பதால் தூண் வரும் இரண்டு இடத்திலும் வெட்டி எடுத்து, ஓரடி ஆழத்துக்குக் கம்பி கட்டி எம்25 தரக் கான்கிரீட் போட்டாயிற்று. கொத்தனார் "ஏழு நாள் போதுங்க" என்றார், நான் 28 நாள் சாக்கு நனைத்துக் காத்திருந்தேன்.

படுத்தியது ஆங்கர் போல்ட், தூணைத் தரையோடு பிடிப்பது. முறுக்க முறுக்கத் துளைக்குள் விரிந்து இறுகும் எக்ஸ்பான்ஷன் வகை, தூணுக்கு ஐந்து. ஒன்பது போல்ட்டும் 150 நியூட்டன் மீட்டர் டார்க்கில் (முறுக்கு விசை), வைத்த அளவு வந்ததும் சத்தம் தரும் டார்க் ரெஞ்ச் 'டிக்' என்றதும் நின்றன. பத்தாவது மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. நட்டில் போட்ட மார்க்கர் கோடு முழுச் சுற்று வந்தும் டிக் வரவில்லை. டிரில் பண்ணும்போது பிட் கம்பியில் இடித்து விலகியது நினைவுக்கு வந்தது, அடியில் துளை அகன்றுவிட்டது. ஒரு போல்ட்தானே என்று விட மனம் வரவில்லை, அடியில் நிற்கப்போவது நான்.

லிஃப்ட் விற்றவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகு கெமிக்கல் ஆங்கருக்குப் போனேன், அதாவது துளையில் இறுகும் பசை மருந்தை நிரப்பி அதில் கம்பியை ஒட்டவைப்பது. இதில் உயிர்நாடியே துளையைச் சுத்தம் செய்வதுதான். அடிவரை டியூப் விட்டுக் காற்றடித்து, கம்பி பிரஷ் போட்டு, மறுபடி காற்று, மறுபடி பிரஷ், தூள் பறப்பது நிற்கும்வரை. மருந்தில் முதலில் வருவது சரியாகக் கலந்திருக்காது, நிறம் ஒரே மாதிரி ஆகும்வரை வெளியே பிதுக்கிவிட்டு அப்புறம் அடியிலிருந்து நிரப்ப வேண்டும். மரை போட்ட கம்பியை மெதுவாகத் திருகி இறக்கி, ஒரு முழு நாள் தொடவில்லை. முறுக்கும்போது மருந்தோடு வந்த தாளில் போட்டிருக்கும் டார்க்கைத்தான் பார்க்க வேண்டும், எக்ஸ்பான்ஷன் போல்ட்டின் கணக்கு இதற்கு ஆகாது. இந்தத் தடவை டிக்!

வண்டியைத் தூக்கும்போது முதலில் சக்கரம் அரையடி எழும்பியதும் நிறுத்தி வண்டியை நன்றாக ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. மேலே போகப் போக, வண்டி கீழே விழாமல் தாங்கும் இரண்டு பக்க லாக்கும் ஒன்றாக 'டக், டக்' என்று விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மாருதியின் கதவுக்கு அடியில் இருக்கும் மடிப்புத் தகடு, லிஃப்ட் கையின் நுனியில் வண்டியைத் தாங்கும் வெறும் பேடில் நசுங்கும். கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் ரப்பர் கட்டையில் காடி வெட்டி வாங்கினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்து கிளட்ச் பிளேட், அப்புறம் மாமாவின் கான்டெஸா கார் வருகிறது. இரண்டு பக்கமும் சமமாக ஏற வைக்கும் ஈக்வலைசர் கேபிளுக்கு மூடி இன்னும் போடவில்லை, மேலே லைட்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை பத்து போல்ட்டையும் மறுபடி டார்க் பார்த்த பிறகுதான் கான்டெஸாவை உள்ளே விடுவேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன்.