ஓசூர் பக்கம் எது ஊர், எது நகரம்?

2011 கணக்கெடுப்பில் ஓசூர் நகராட்சியில் சுமார் 1.17 லட்சம் பேர். அப்புறம் சுற்றுப்புற ஊர்களையும் சேர்த்தார்கள், 2019-ல் மாநகராட்சி ஆக்கினார்கள், ஆனால் இன்றைக்கும் பேச்சு வந்தால் அதே 2011 கணக்கைத்தான் எடுக்கிறோம், ஏனென்றால் 2021-ல் எடுக்க வேண்டியது தள்ளித் தள்ளி 2027-க்கு வந்து நிற்கிறது. நாட்டில் 31% பேர் நகரவாசிகள் என்பதும் அந்தப் பழைய கணக்குதான்.

சரி, கிராமப் பஞ்சாயத்தாக இருக்கிற ஊரை இந்தக் கணக்கெடுப்பில் எப்போது நகரம் என்று எண்ணுகிறார்கள் தெரியுமா? குறைந்தது 5000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், அப்புறம் ஆண் தொழிலாளர்களில் 75% பேராவது விவசாயம் இல்லாத வேலையில் இருக்க வேண்டும். ஆமாம், ஆண்கள் மட்டும்தான்! விடியற்காலையில் சூளகிரி, தேன்கனிக்கோட்டை பக்கமிருந்து கம்பெனி பஸ் ஏறிப் போகிற பெண் பிள்ளைகள் இந்த விகிதத்தில் வரவே மாட்டார்கள். எந்தக் காலத்து விதியோ, எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

பெங்களூர் 40 கிலோமீட்டர்தான், அந்த வாடகை தாங்காமல் இந்தப் பக்கம் குடி வந்தவர்களையும் எந்தப் பட்டியலில் போடுவார்களோ. பாகலூர்க்காரங்க யாராவது இருந்தால் சொல்லுங்க, உங்க தெருவில் இன்னும் ராகி போடுகிறவர்கள் எத்தனை வீடு?