நீலம் வரவில்லை: பழைய இங்க்ஜெட்டோடு சில வாரங்கள்

எங்கள் வீட்டு பிரிண்டருக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. டாங்கில் இங்க் ஊற்றுகிற வகை, மேலே ஸ்கேனர். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, கத்திரி வெயில் முழுக்க மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்து மகளின் புவியியல் பிராஜெக்டுக்கு இந்திய வரைபடம் அடித்தால் வங்காள விரிகுடா ரோஸ் கலரில் வருகிறது. கறுப்பு எழுத்துகளில் குறுக்கே வெள்ளைக் கோடுகள்.

சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்தவர் அந்த ரோஸ் கலர் கடலை ஒரு பார்வை பார்த்தார். "ஹெட் போயிடுச்சு சார். மாத்தணும்னா ஆறாயிரத்துக்கு மேல ஆகும். இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாமே" என்றார். ஹெட் என்பது இங்க்கைத் தாளில் தெளிக்கும் பாகம், அதிலுள்ள நுண்ணிய துளைகள்தான் நாசில். அந்தத் துளைகளைச் சோதிக்கும் நாசில் செக் ஒரு தாள் அடித்துப் பார்க்கவில்லை. மூடியைக்கூடத் திறக்கவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. ஹெட் செத்துவிட்டது என்பது வேறு, அடைத்துக்கொண்டிருக்கிறது என்பது வேறு, இங்க் ஹெட்டுக்கு வந்தே சேரவில்லை என்பது வேறு. மூன்றுக்கும் தாளில் விழுவது அதே வெள்ளைக் கோடுதான். செலவு மட்டும் நூறு ரூபாயிலிருந்து ஆறாயிரம் வரை போகும்.

"அவர் சொல்றதுல என்னங்க தப்பு? ஏழு வருஷம் ஓடியாச்சு, புதுசு வாங்கிடலாம்" என்றாள் மனைவி. பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒரு உடன்பாடு: செலவு ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டக் கூடாது, டைனிங் டேபிளில் எதையும் பிரிக்கக் கூடாது, இங்க் கறை எங்கேயாவது விழுந்தால் அன்றோடு பிரிண்டர் வெளியே. இரண்டாவது நிபந்தனையால் எல்லா வேலையும் பால்கனியில், தினத்தாள் விரித்துத்தான் நடந்தது.

ரிப்பேரா, புதுசா என்று யோசிக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, ஹெட் எங்கே இருக்கிறது என்பதை. விலை குறைந்த கார்ட்ரிட்ஜ் பிரிண்டர்கள் பலவற்றில் ஹெட் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே ஒட்டியிருக்கும். கார்ட்ரிட்ஜை மாற்றினால் ஹெட்டும் புதுசு, கதை முடிந்தது. என்னுடையதுபோல ஹெட் பிரிண்டருக்குள்ளேயே நிரந்தரமாக இருக்கிற வகையில் அந்தச் சுகம் கிடையாது. இங்க் பக்கத்து டாங்கிலிருந்து மெல்லிய டியூப் வழியாக வரும், டாம்பர் என்ற சின்ன வடிகட்டிப் பெட்டியைக் கடந்து ஹெட்டுக்குள் போகும். வேலை இல்லாத நேரத்தில் ஹெட் வலது ஓரத்துக்குப் போய் ஒரு ரப்பர் மூடியின்மேல் உட்கார்ந்துகொள்ளும். அதற்குக் கேப்பிங் ஸ்டேஷன் என்று பெயர், கடைக்காரர்கள் சுருக்கமாகக் 'கேப்' என்பார்கள். ஹெட் கிளீனிங் கொடுத்தால், அந்தக் கேப்புக்கு அடியில் இருக்கும் பம்ப் ஹெட்டிலிருந்து இங்க்கை உறிஞ்சி, பின்பக்கம் உள்ள பஞ்சுப் பட்டைக்கு அனுப்பும். இந்தப் பாதையில் எங்கே கெட்டாலும் பழி ஹெட்டின்மேல் விழுகிறது.

ஆகவே நாசில் செக். படிக்கட்டு மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் நான்கு நிறத்திலும் விழ வேண்டும். எனக்குச் சிவப்பு முழுசாக இருந்தது. நீலத்தில் பெரும்பகுதி காணோம், கறுப்பில் ஆங்காங்கே ஓட்டை. மஞ்சளை வெள்ளைத் தாளில் கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். அதற்கு ஒரு வழி உண்டு: மொபைலில் முழு நீல நிறப் படம் ஒன்றைத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டு அந்த வெளிச்சத்தில் தாளைப் பாருங்கள். மஞ்சள் நீல வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால் கோடுகள் கறுப்பாகத் தெரியும். மஞ்சளிலும் ஒரு கோடு விட்டுப்போயிருப்பது அப்படித்தான் தெரிந்தது.

ஒரு கிளீனிங் கொடுத்து மறுபடி தாள் அடித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓட்டை அதே இடத்தில் இருந்தால் அந்த நாசில் காய்ந்து அடைத்திருக்கிறது, அல்லது செத்தேவிட்டது. இடம் மாறினால் வழியில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது உறிஞ்சல் சரியில்லை. எனக்கு நீலத்தில் ஓட்டை ஒவ்வொரு முறையும் ஊர் மாறிக்கொண்டே இருந்தது. செத்துப்போன ஹெட் இப்படி இடம் மாறி விளையாடாது. அப்போதே பாதி தைரியம் வந்துவிட்டது.

கிளீனிங் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பதுதான் பொதுவாக எல்லோரும் செய்வது. அதில் பிரயோஜனம் குறைவு, செலவு அதிகம். மூன்று முறை கொடுத்தும் சரியாகாவிட்டால் பன்னிரண்டு மணி நேரமாவது சும்மா விட்டுவிட்டுப் பிறகு பார்க்கச் சொல்லும் கையேடுகள் உண்டு. அதில் அர்த்தம் இருக்கிறது, டியூபில் சிக்கிய காற்றுக்குமிழி அடங்க நேரம் பிடிக்கும். மென்பொருளில் 'பவர் கிளீனிங்' என்று இன்னொன்று இருக்கும். அது டியூபில் உள்ள இங்க்கையே இழுத்துக் கொட்டிவிடும். டாங்கில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக இங்க் இருக்கும்போது அதைத் தொடக் கூடாது, காற்றைத்தான் இழுக்கும். நான் தொடவே இல்லை.

கேப்பைத்தான் சந்தேகப்பட்டேன். பிரிண்டரை ஆன் செய்து, ஹெட் வலது ஓரத்தை விட்டு நகர்ந்த நொடியில் பிளக்கைப் பிடுங்கினால் கேப் கண்ணுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது கேப் அல்ல, கறுப்புப் பாலாடை மாதிரி ஒன்று. ரப்பர் விளிம்பெல்லாம் காய்ந்த இங்க். விளிம்பு ஹெட்டோடு இறுக்கமாக ஒட்டினால்தான் பம்ப் உறிஞ்சும், இல்லாவிட்டால் வெறும் காற்றுதான். கேப்பில் டிஸ்டில்டு வாட்டர் சில சொட்டு விட்டுவிட்டு, பிளக்கைச் சொருகி ஒரு கிளீனிங் கொடுத்தேன். மறுபடி திறந்தால் தண்ணீர் அப்படியே நிற்கிறது, லேசாக நீலம் பூத்து. பம்ப் சுற்றுகிற சத்தம் கேட்டது. ஆக பம்ப் ஓடுகிறது, கேப்பிலிருந்து பம்புக்குப் போகிற டியூப் அடைத்திருக்கிறது. ஆறாயிரம் ரூபாய் ஹெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். எங்கள் போர் தண்ணீர் குழாயிலேயே வெள்ளையாக உப்புப் பூக்க வைக்கும், அது ஹெட்டுக்குள் போனால் நிஜமாகவே ஹெட் போய்விடும். கேன் தண்ணீரும் சரிவராது. பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் போதும், ஆசிட் கலந்தது இல்லையா என்று மட்டும் கேட்டு வாங்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் பத்து மில்லி சிரிஞ்சு, ஊசி இல்லாமல். அதன் முனையில் சின்ன ரப்பர் டியூபை மாட்டி, வெதுவெதுப்பாக்கிய தண்ணீரைக் கேப்பின் துளையில் மெதுவாக விட்டு, ஊற வைத்து, திரும்ப இழுத்தேன். முதலில் ஒன்றும் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இழுத்தபோது திடீரென்று கை லேசாகி, சிரிஞ்சுக்குள் கறுப்பும் நீலமுமாகச் சுருள் சுருளாகக் குழம்பு மாதிரி ஏறியது. விளிம்பைப் பஞ்சு உதிராத துணியால் துடைத்தேன். இதே சிரிஞ்சால் நேராக ஹெட்டுக்குள் அழுத்தித் தள்ளுகிற வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. அழுத்தம் கூடினால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழியும். ஹெட்டுக்குப் போகும் பட்டைக் கேபிளில் ஒரு சொட்டு ஈரம் இருக்கும்போது கரன்ட் கொடுத்தால் போர்டே போய்விடும்.

சிரிஞ்சும் இங்க்கும் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1977-ல் கேனான் ஆய்வுக்கூடத்தில் இங்க் நிரம்பிய சிரிஞ்சின் ஊசியில் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டு, முனையிலிருந்து இங்க் பீய்ச்சியதாம். அதிலிருந்து பிறந்ததுதான் இங்க்கைச் சூடாக்கிக் குமிழியால் தள்ளும் முறை. இன்னொரு வகையில் சூடே கிடையாது, மின்சாரம் பட்டால் வளையும் பீசோ படிகம் இங்க்கைத் தள்ளும்.

கேப் சுத்தமானதும் கறுப்பு முழுசாக வந்துவிட்டது, மஞ்சளும்தான். நீலத்தில் பாதி வந்தது. சந்தோஷப்பட்ட அன்றைக்கே முகப்பு விளக்குகள் இரண்டும் மாறி மாறி மினுக்க ஆரம்பித்தன. கணினியில் 'இங்க் பேட் ஆயுள் முடிந்தது' என்ற செய்தி. பிரிண்டர் ஒரு தாள்கூட அடிக்க மறுத்தது.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. கிளீனிங்கில் உறிஞ்சும் இங்க் எல்லாம் பின்னால் இருக்கும் பஞ்சுப் பட்டைக்குப் போகிறது, இங்க் பேட் என்பது அதுதான். அது நனைந்திருக்கிறதா என்று பார்க்க உள்ளே கருவி இல்லை. எவ்வளவு கொட்டியிருப்போம் என்று பிரிண்டர் தானே கணக்கு வைத்துக்கொள்கிறது. கணக்கு நிரம்பினால் பூட்டிவிடும். கணக்கை மட்டும் ரீசெட் செய்து பட்டையை மாற்றாமல் விட்டால், ஒருநாள் மேசையில் இங்க் வழியும். (மூன்றாவது நிபந்தனை நினைவிருக்கிறதல்லவா.) ரீசெட் மென்பொருள் இலவசம் என்று இணையத்தில் கிடைப்பவை பலவும், முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கின்றன. அந்தப் பக்கமே போகவில்லை.

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும், அதனால் வேலை நாளில் ஆபீஸ் முடிந்து. நரசிங்கபுரம் தெருவில் ஒரு குறுகலான படியேறினால் மாடியில் பிரிண்டர் ஸ்பேர் மட்டும் விற்கிற கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் படியில் நிற்க வேண்டும்.

"அண்ணே, இங்க் பேட் வேணும்" என்று மாடலைச் சொன்னேன்.

"பேட் மட்டும்தானா? பிரிண்ட் எப்படி வருது?"

நாசில் செக் தாள்களைக் காட்டினேன். இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"கேப் பாத்துட்டீங்க போல. ப்ளூல மட்டும் எடம் மாறுது பாருங்க. டாம்பர்ல காத்து. அதை மாத்திடுங்க."

"ஹெட் மாத்தணும்னாங்களே?"

"கழட்டின ஹெட் எங்கிட்டயே இருக்கு, ரெண்டாயிரம். ஆனா உங்களுக்குத் தர மாட்டேன். இது நல்லாத்தான் இருக்கு."

பேட், டாம்பர் செட், ரீசெட் கட்டணம் எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபாய் வாங்கினார். "பேடை மாத்தி போட்டோ அனுப்புங்க, அப்புறம் எனிடெஸ்க்ல வந்து ரீசெட் பண்ணித் தர்றேன். மாத்தாம கேட்டீங்கன்னா பண்ண மாட்டேன்" என்றார். (எனிடெஸ்க் என்பது, இருந்த இடத்திலிருந்தே அடுத்தவர் கணினியை இயக்க உதவும் மென்பொருள்.) அந்தக் கண்டிப்பு பிடித்திருந்தது.

பேட் மாற்றுவது சுலபம். என் மாடலில் பின்பக்கம் ஒரே ஒரு திருகு, கழற்றினால் சின்னத் தட்டு வெளியே வரும். கையுறை அவசியம். ஏழு வருட இங்க் ஊறிய பஞ்சு, எதிர்பார்த்ததைவிட நல்ல கனம். துவைத்துக் காயப்போட்டு மறுபடி வைப்பவர்களும் உண்டு, நம் ஊர் வெயிலுக்கு ஒரே நாளில் காய்ந்துவிடும். ஆனால் துவைக்கிற தண்ணீரை எங்கே ஊற்றுவது? டாம்பர் மாற்றுவதுதான் பொறுமையைச் சோதித்தது. டியூப் நுனியை அழுத்திச் சொருகும்போது விரல் நகமெல்லாம் நீலம், ஆபீசில் கேட்டவர்களுக்கு நாவல்பழம் என்றேன்.

நீலம் வந்தது. ஒரே ஒரு கோடு இன்னும் விழவில்லை, படத்தில் அது கண்ணுக்குத் தெரியவில்லை. மொத்தச் செலவு ஆயிரத்துக்குள்.

இப்போது கணக்கு. புது டாங்க் பிரிண்டருக்கு எனக்குச் சொன்ன விலை பதின்மூன்றாயிரம். நாங்கள் அடிப்பது மாதம் நாற்பது ஐம்பது பக்கம். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பக்கம் மூன்று ரூபாய் என்றால் மாதம் நூற்றைம்பது. அதாவது அந்தப் பதின்மூன்றாயிரத்தில் ஏழு வருடம் கடையிலேயே அடித்துக்கொள்ளலாம்! இங்க் பாட்டில் ஒன்றுக்குக் கறுப்பு 4,500 பக்கம் என்று பெட்டியில் போடுவது எங்களைப் போன்றவர்களுக்கு வெறும் அலங்காரம், அவ்வளவு அடித்து முடிப்பதற்குள் ஹெட் காய்ந்துவிடும். ஆனால் கடை இரவு ஒன்பதுக்கு மூடுகிறது. "அப்பா, நாளைக்கு சப்மிட் பண்ணணும்" என்ற அறிவிப்பு வருவது ஒன்பதரைக்கு. வீட்டில் பிரிண்டர் இருப்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே நியாயம் அதுதான், அதற்கு ஆயிரம் ரூபாய் தகும், பதின்மூன்றாயிரம் தகாது.

அடுத்த முறை நிஜமாகவே ஹெட்டோ போர்டோ போனால் இன்னொரு இங்க்ஜெட் வாங்குவதாக இல்லை. கறுப்பு மட்டும் அடிக்கும் லேசர்தான். டோனர் தூள் என்பதால் மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் காயாது. ஆனால் சூடாகும்போது பல நூறு வாட் இழுக்கும், வீட்டு இன்வர்ட்டரில் மாட்டக் கூடாது. கலர் வேண்டுமென்றால் கடை.

அதுவரை, வாரம் ஒருமுறை நான்கு நிறமும் உள்ள ஒரு பக்கம் அடிக்கிறோம். சுவரில் உள்ள சுவிட்சை நேராக அணைக்கக் கூடாது என்றும் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். பிரிண்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தினால்தான் ஹெட் ஒழுங்காகக் கேப்பில் போய் உட்காரும்.

விஷயம் கேள்விப்பட்டுக் கீழ்வீட்டு அண்ணன் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு வந்தார். கார்ட்ரிட்ஜ் வகை, ஒரு வருடமாகத் தொடவில்லை, அடிப்பது ஆதார் நகலும் எப்போதாவது ஒரு டிக்கெட்டும். இரண்டு கார்ட்ரிட்ஜ் விலையைக் கூட்டிச் சொன்னேன், அவர் பிரிண்டர் வாங்கிய விலையில் பாதிக்கு வந்துவிட்டது. "இதைப் பிரிக்க வேண்டியதே இல்லண்ணே. ஈ-வேஸ்ட்டுல போட்டுட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போங்க" என்றேன். "உன்னோடதுக்கு மட்டும் ஒரு மாசம் உக்காந்த, என்னோடதைப் போடச் சொல்றியே தம்பி" என்கிறார். ஸ்கேனர் மட்டும் வேலை செய்கிறதா பார்த்துச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்திருக்கிறேன்.