யாரும் பார்க்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே

காவேரிப்பட்டணம் பக்கத்து அந்த அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். "அன்னிக்கு யாரும் பாக்க மாட்டாங்க, நீங்களே எடுத்துக்கலாம்னு சொன்னீங்களே சிஸ்டர்" என்று மட்டும் கேட்டார்.

சொன்னேன்தான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாமில் அதைச் சொன்னால்தான், தாங்களே சாம்பிள் எடுக்கும் கிட்டை வாங்கவே கை நீளும். அங்கன்வாடிக்குப் பின்னால் இருந்த பாத்ரூமுக்குப் போய், பிரஷ்ஷை உள்ளே விட்டுச் சுற்றி எடுத்து, டியூபில் போட்டு மூடி, முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "இவ்ளோதானா?" என்று சிரிப்பு வேறு.

அந்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்பிவி வைரஸ் இருக்கிறதா என்பதை மட்டும்தான் அந்த டெஸ்ட் சொல்லும். கர்ப்பப்பை வாயில் மாற்றம் வந்திருக்கிறதா என்பதை யாராவது பார்த்துத்தான் சொல்ல வேண்டும். "வைரஸ் இருந்தா ஆஸ்பத்திரிக்கு வரணும்" என்று முகாமில் ஒரு வரி சொல்வேன். வந்தால் என்ன செய்வார்கள் என்பதை விட்டுவிடுவேன். பெரும்பாலோருக்கு நெகட்டிவ்தான் வரப்போகிறது, எல்லோரையும் எதற்குப் பயமுறுத்துவானேன்? இந்த நியாயம் எனக்கு இன்றும் சரியாகத்தான் படுகிறது. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

2030-க்குள் 70 சதவீதப் பெண்களைப் பரிசோதிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்திருக்கிறது. பாதிப்பு தெரிந்தவர்களில் 90 சதவீதத்துக்குச் சிகிச்சை என்பதும் அதிலேயே உண்டு. மீட்டிங்கில் எத்தனை டியூப் என்றுதான் கேட்பார்கள்.

அவருக்கு வந்தது எச்பிவியில் 16-ஆம் வகை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் 16, 18 இரண்டாலும்தான் வருகிறது. நேராகக் கால்போஸ்கோப்பிக்கு, அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் டாக்டர் பார்ப்பதற்கு, அனுப்ப வேண்டிய கேஸ். "இது கேன்சர் இல்லக்கா. கேன்சரா மாற பல வருஷம் ஆகும். இப்பவே பாத்துட்டா வராமலே தடுத்துடலாம்" என்றேன்.

"அப்ப இன்னொரு கிட் குடுங்க. மறுபடி நானே எடுத்துத் தர்றேன். போயிருந்தா போச்சு."

விவரமில்லாத கேள்வி இல்லை இது. பலருக்கு ஓரிரு வருடத்தில் வைரஸ் தானாகவே போய்விடும். ஆனால் 16 வந்திருக்கும்போது அதை நம்பி உட்கார முடியாது. மாட்டேன் என்றேன். "பல வருஷம் ஆகும்னுதானே சொன்னீங்க, மாங்கா சீசன் முடியட்டும்" என்றார். மாங்கூழ் ஃபேக்டரியில் ஒரு நாள் லீவு போட்டால் அடுத்த நாள் வேறு ஆள். சரிக்கா என்றேன்.

அந்த 'சரி'தான் இன்னும் உறுத்துகிறது. சில வாரத்தில் ஒன்றும் ஆகிவிடாது, அது மருத்துவ உண்மை. ஆனால் போன் அவர் வீட்டுக்காரரிடம், சீசன் முடிந்தால் பெங்களூரு கட்டட வேலை. பிடிக்க முடியாமல் போயிருந்தால்? ஆகஸ்டில் நாத்தனாரோடு வந்தார், பார்த்தார்கள், அன்றைக்கே சிகிச்சையும் முடிந்தது. நான் சரி என்றதால் வந்தாரா, அப்படிச் சொல்லியும் வந்தாரா, தெரியவில்லை.

அப்புறம் அஞ்செட்டிப் பக்கம் ஒரு முகாமில் எல்லாவற்றையும் முழுசாகச் சொல்லிப் பார்த்தேன். சிலர் கிட்டைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார்கள். பாசிட்டிவ் வந்தவர்களைத் தேட எங்களிடம் பட்டியல் உண்டு. இவர்களை எந்தப் பட்டியலில் எழுதுவது?