க்ளிக் சத்தம் கேட்டது, பெல்ட் பூட்டவில்லை

போன வாரம்தான் என் காரின் பின்சீட் பெல்ட்டைப் பூட்டும் பக்கிளை மாற்றிக் கொடுத்தார்கள். முதல் புகாருக்கும் அதற்கும் நடுவில் ஏழு வாரம் ஓடிவிட்டது. ஐந்து முறை சர்வீஸ் சென்டருக்கு அலைந்திருக்கிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. இதே குறை உங்கள் வண்டியில் இருந்தால் என் அலைச்சலில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கண்டுபிடித்தது அம்மா. பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். க்ளிக் என்ற சத்தம் எனக்கும் கேட்டது. கொஞ்ச தூரம் போனதும் கீழே விழுந்த கண்ணாடிக் கூட்டை எடுக்க முன்னால் குனிந்தார். பெல்ட் அவரோடு வந்துவிட்டது. "நான் பட்டனைத் தொடவே இல்லப்பா" என்றார். முழங்கை பட்டிருக்கும் என்று சொல்லி வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு உறுத்துகிறது. வீட்டுக்கு வந்ததும் நானே போட்டு இழுத்துப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு தடவை இரும்பாகப் பிடித்தது. அடுத்த தடவை அதே க்ளிக் சத்தம், பெல்ட்டின் நாக்கு முழுசாக உள்ளே போனது, லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது.

முதல் முறை போனபோது நான் செய்த தப்புதான் பின்னால் எல்லாவற்றையும் இழுத்தடித்தது. சர்வீஸ் அட்வைசரிடம் நடந்ததை வாயால் சொன்னேன், அவர் ஜாப் கார்டில், அதாவது வண்டிக்கு என்ன வேலை என்று குறிக்கும் தாளில், எழுதினார், நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் வண்டியை எடுக்கும்போதுதான் பார்க்கிறேன்: 'பின் பெல்ட் டைட்டாக உள்ளது' என்று எழுதியிருக்கிறார். அதற்கேற்ற மாதிரி பெல்ட் பட்டையைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு, சரி பண்ணியாச்சு என்று கொடுத்துவிட்டார்கள். பக்கிளை யாரும் தொடவே இல்லை. அந்தக் காகிதத்தையும் நான் பத்திரப்படுத்தவில்லை.

இரண்டாவது முறை, "நாங்க போட்டுப் பார்த்தோம் சார், நல்லாத்தான் இருக்கு. மேடு பள்ளத்துல வண்டிய நிறுத்தியிருப்பீங்க" என்றார்கள். இந்த இடத்தில் நிறைய பேர் ஏமாந்து திரும்பிவிடுவார்கள், அதனால் விளக்கிச் சொல்கிறேன். பெல்ட் சுருண்டிருக்கும் உருளையில், வண்டி சாய்ந்தாலோ சட்டென்று வேகம் குறைந்தாலோ பூட்டிக்கொள்ள ஓர் அமைப்பு உண்டு. செங்குத்தான சரிவில் நிறுத்தினால் பெல்ட் வெளியே வர மறுக்கலாம், அது குறையே இல்லை. அவர் சொன்னது அந்த உருளைக்குச் சரி. ஆனால் என் புகார் இடுப்புப் பக்கத்தில் இருக்கும் பக்கிளைப் பற்றியது. பெல்ட் வெளியே வரவில்லை என்பது வேறு, பூட்டிய பெல்ட் கழன்று வருகிறது என்பது வேறு. மூன்று தடவை சொல்லியும் 'பரிசோதித்தோம், குறை இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

சரி என்று கார் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். அவர்கள் இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒன்று, குறை இல்லை என்று பதிவாகியிருக்கிறது. இன்னொன்று, வாரண்டி முடிந்துவிட்டது. நான் முதலில் போனபோது வாரண்டியில் மூன்று வாரம் பாக்கி இருந்தது. அதைக் காட்ட முதல் ஜாப் கார்டு வேண்டும். அதன் நகலைக் கேட்டுப் போன மூன்றாவது பயணம் முழுக்க வீண். அட்வைசர் லீவு, மற்றவர்களுக்கு அதை எடுக்கத் தெரியவில்லை. கடைசியில் அன்றைக்கு என் போனுக்கு வந்திருந்த குறுஞ்செய்தியில் ஜாப் கார்டு எண்ணும் தேதியும் இருந்ததைக் கண்டுபிடித்தேன். அந்த எண்ணைச் சொன்னதும், நான்காவது முறை போனபோது இரண்டே நிமிஷத்தில் நகல் கிடைத்தது. சர்வீஸ் சென்டரிலிருந்து வரும் குறுஞ்செய்தியைத் தயவுசெய்து அழிக்காதீர்கள்.

நகலைப் பார்த்ததும், "அது டைட்டா இருக்குங்கிற கம்ப்ளெயின்ட், இது வேற" என்றார்கள். இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று வீடியோ எடுத்தேன். முதலில் எடுத்ததை, "பட்டன அழுத்தியிருப்பீங்க" என்று தள்ளிவிட்டார்கள். அதனால் இரண்டாவதை யோசித்து எடுத்தேன். நம்பர் பிளேட், ஓடிய கிலோமீட்டர், அப்புறம் பக்கிள் என்று நடுவில் வெட்டாமல் ஒரே ஓட்டமாக. இடது கை முழுக்கத் தெரியும்படி சீட்டின்மேல், வலது கையால் மட்டும் போடுவதும் இழுப்பதும். ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணினேன். 17-வது இழுப்பில் ஒருமுறையும் 31-வது இழுப்பில் ஒருமுறையும் கழன்று வந்தது.

அதோடு அரசின் வாகனப் பாதுகாப்புப் புகாரையும் பதிவு செய்தேன். விபத்து நடந்தால்தான் புகார் கொடுக்க முடியும் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, யாருக்கும் அடிபடாவிட்டாலும் குறையைப் பதிவு செய்யலாம். படிவத்தில் வண்டி அடையாள எண் கேட்பார்கள், மொத்தம் 17 இடம். எனக்கு இரண்டு முறை செல்லாது என்று திரும்பி வந்தது. காரணம், ஜாப் கார்டில் பூஜ்யத்தை ஆங்கில 'ஓ' என்று எழுதியிருந்தார்கள், நானும் அதையே அடித்திருக்கிறேன். அந்த எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்தும் வரவே வராது, ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பக் கூடாது என்பதற்காக. காகிதத்தைப் பார்த்து அடிக்காமல் வண்டியில் பொறித்திருப்பதைப் பார்த்தே அடியுங்கள்.

இந்த மாதிரி புகாரால் என்ன ஆகிவிடும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். 1995-இல் அமெரிக்காவில் டகாடா என்ற நிறுவனம் தயாரித்த சீட் பெல்ட்டுகளுக்காக 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அங்கேயும் பிரச்சினை பக்கிளில்தான். பட்டனின் பிளாஸ்டிக் நாளாக ஆக நொறுங்கி, துணுக்குகள் உள்ளே விழுந்து பூட்டைக் கெடுத்தன. சரியாகப் பூட்டவில்லை, கழற்ற முடியவில்லை என்று கார் வைத்திருந்தவர்களும் புகார் கொடுத்திருந்தார்கள். அதை நண்பரிடம் சொன்னேன். மறுநாள் அவரும் தன் வண்டியில் இழுத்துப் பார்த்தாராம்.

புகார் எண்ணையும் வீடியோவையும் கம்பெனிக்கு அனுப்பிய மூன்றாம் நாள் அழைப்பு வந்தது. ஐந்தாவது முறை போனபோது ஜாப் கார்டில் என் வாக்கியத்தை நான் சொல்லச் சொல்ல எழுத வைத்தேன்: 'நாக்கு உள்ளே போய் க்ளிக் என்ற பிறகும், பட்டனை அழுத்தாமலே, இழுத்தால் கழன்று வருகிறது.' படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஒரு மெக்கானிக் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் போட்டுப் போட்டு இழுத்தார். இருபதைத் தாண்டியிருக்கும், பெல்ட் அவர் கையோடு வந்தது. டார்ச் அடித்துக் காட்டினார். சிவப்பு பட்டனின் ஒரு ஓரம் மட்டும் மயிரிழை அளவு தாழ்ந்து நின்றது, பக்கத்து பக்கிளில் அது சமமாக இருந்தது. "உள்ள கொக்கி பாதியில நிக்குது சார். இதுல யாரையும் உட்கார வெக்காதீங்க" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஏழு வாரம் அலைந்திருக்கிறேன். வாரண்டிப் பேச்சு அதோடு நின்றது, காசு வாங்காமல் மாற்றினார்கள். பழைய பக்கிளைக் கேட்டேன், கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்று தர மறுத்தார்கள். அதன் பின்புறம் இருந்த பாக எண்ணையாவது போட்டோ எடுத்துக்கொண்டேன்.

இன்னும் சில விஷயம். பக்கிள் மக்கர் செய்தால் எண்ணெய் எதையும் உள்ளே அடிக்காதீர்கள், தூசு ஒட்டி இன்னும் கெடும். பீப் சத்தத்தை நிறுத்த வெறும் கிளிப்பைச் செருகி வைப்பதை உடனே விட்டுவிடுங்கள். பழைய வண்டி வாங்குபவர்கள் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று கட்டாயம் பாருங்கள். மோதலில் பெல்ட்டைச் சட்டென்று இறுக்கும் ப்ரீடென்ஷனர் ஒரு தடவைதான் வேலை செய்யும், அதை மாற்றாமலே விற்ற வண்டியாக இருந்தால் அந்த விளக்கு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, க்ளிக் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். போட்டதும் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், பின்சீட்டிலும்.

வண்டியை எடுக்கும்போது அட்வைசர், "அதான் சரியாயிடுச்சே சார், அந்த கவர்மென்ட் கம்ப்ளெயின்ட்ட க்ளோஸ் பண்ணிடலாமா?" என்று கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். மாறியது என் வண்டியின் பக்கிள் மட்டும்தான். அதே பாக எண் போட்ட பக்கிள் இன்னும் எத்தனை வண்டியில் இருக்கிறதோ. போட்டோவையும் புகாரோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.