முடியோரத்து வெள்ளைக் கோடு

மூன்று நாளாக என் உயிரை வாங்கிய வெள்ளைக் கோடு நேற்று ராத்திரி ஒருவழியாகத் தொலைந்தது.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் நான் செய்யும் படம் 3 நிமிடம் 10 வினாடி. 24 ஃபிரேம் கணக்கில் 4,560 ஃபிரேம். காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும் அதன் சைக்கிள்ஸ் எஞ்சினில் எல்லாவற்றையும் ரெண்டர் எடுத்துவிட்ட தெம்பில், லேயர்களை ஒன்றாக இணைக்கும் காம்போசிட்டிங்குக்கு உட்கார்ந்தேன். 13 ஷாட் மளமளவென்று முடிந்தது. 14ஆவதில் சுருட்டை முடிக்காரி ஒருத்தி அந்தி வெளிச்சத்தில் திரும்பிப் பார்க்கிறாள். முகம் இருட்டடிக்கிறதே என்று அவள் லேயரில் மட்டும் இருட்டையும் நடுத்தர வெளிச்சத்தையும் தூக்கும் காமாவை ஏற்றினேன். முடியோரம் முழுக்க வெளிறிய கோடு! கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டிய பொம்மை மாதிரி இருந்தாள்.

முதலில், ரெண்டரின் புள்ளி இரைச்சலைத் துடைக்கும் டீநாய்சரைத் திட்டினேன். அதை அணைத்துவிட்டு மூன்று ஃபிரேமை மறுபடி ரெண்டர் எடுத்தேன், ஒவ்வொன்றும் 18 நிமிடம். கோடு அப்படியே இருந்தது. அவளைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் மேட்டின் ஓரத்தை ஒரு பிக்சல் அரித்துப் பார்த்தேன். கோடு போனது, கூடவே பறக்கும் முடியும் போனது.

கோளாறு ஆல்ஃபாவில், அதாவது பிக்சல் எவ்வளவு ஒளிபுகாதது என்று சொல்லும் எண்ணில். ரெண்டர் சேமிக்கப்படும் இஎக்ஸ்ஆர் கோப்பில் நிறம் ஏற்கெனவே ஆல்ஃபாவால் பெருக்கப்பட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறது. முடியோரப் பிக்சல் ஒன்றின் உண்மையான நிறம் 0.5, ஆல்ஃபாவும் 0.5 என்றால் கோப்பில் இருப்பது 0.25. அதன் மேல் காமா 2, அதாவது வர்க்கமூலம், போட்டால் 0.5 ஆகிவிடும். நியாயமாக 0.5க்குக் காமா போட்டு 0.71 ஆக்கி, அப்புறம் ஆல்ஃபாவால் பெருக்கினால் 0.35தான் வரவேண்டும். இந்த வித்தியாசம்தான் அந்தக் கோடு. முந்தைய 13 ஷாட்டிலும் வெறும் கெயின் மட்டும் தொட்டிருந்தேன். அதுவும் பெருக்கல்தானே, முன்னால் போட்டாலும் பின்னால் போட்டாலும் ஒன்றுதான். அதனால் குட்டு வெளிப்படவில்லை.

வைத்தியம் இரண்டே நோட் (காம்போசிட்டிங்கில் ஒன்றோடொன்று கோக்கும் திருத்தப் பெட்டிகள்). திருத்தத்துக்கு முன்னால் ஓர் ஆல்ஃபா கன்வர்ட் போட்டு நிறத்தை ஆல்ஃபாவால் வகுத்துவிட வேண்டும், பின்னால் இன்னொன்று போட்டுத் திரும்பப் பெருக்க வேண்டும். அவசரத்தில் இரண்டாவதை மறந்து, முடி கம்பி மாதிரி தடித்து நின்றதையும் பார்த்தேன். சரியாகப் போட்டதும் ஒவ்வோர் இழையும் பின்னணியில் கரைந்தது. 400 விழுக்காடு பெரிதாக்கி, ஒரு கால்மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நடுவில் ஹார்ட் டிஸ்க் வேறு நிரம்பி வழிந்தது. பியூட்டி பாஸை, அதாவது முழு நிறப் படத்தை, 16 பிட்டில் கொஞ்சம் விவரம் இழக்கும் டிடபிள்யூஏஏ அழுத்தத்துக்கு மாற்றினேன். எந்தப் பிக்சல் எந்தப் பொருளுடையது என்ற அடையாள எண்களை வைத்திருக்கும் கிரிப்டோமேட்டில் அந்த விளையாட்டு வேண்டாம், எண் மாறினால் கெட்டது. அது தனிக் கோப்பாக, 32 பிட்டில், இழப்பில்லாத ஜிப் அழுத்தத்தில் இருக்கட்டும். அடுத்த படத்தில் இதை முதல் ரெண்டருக்கு முன்பே பிரித்துவிடப் போகிறேன். அடுத்த படம் என்றதும் மனம் அங்கே ஓடுகிறது: முழுக்க மூடுபனி, ஆளே கிடையாது, முடியும் கிடையாது!

கிரேடிங் (நிறச் சீரமைப்பு) பாதியில் நிற்கிறது. அதற்கான ரிசால்வ் மென்பொருளில் இஎக்ஸ்ஆரைத் திறந்ததும் படம் கன்னங்கரேலென்று வந்தது. பிளெண்டரில் நான் பார்த்துப் பழகிய ஏஜிஎக்ஸ் என்ற திரைத் தோற்றம் கோப்புக்குள் போகாது, ஒளியின் அளவை அப்படியே சொல்லும் லீனியர் எண்கள் மட்டும்தான் போகும். லீனியரைத் திரைக்கு ஏற்றபடி மாற்றும் நோடைக் கடைசியில் வைத்து, கிரேடிங்கை அதற்கு முன்னால் செய்கிறேன். இன்னும் ஒன்பது ஷாட் பாக்கி. 21ஆவதில் வானம் பட்டை பட்டையாகத் தெரிகிறது. 8 பிட் ஏற்றுமதியின் வேலையாகத்தான் இருக்கும். இன்றிரவு கொஞ்சம் கிரெயின் (நுண்புள்ளிகள்) தூவிப் பார்க்கிறேன்.