கத்தி படும் முன்பே எழுதப்படும் தாள்

தோட்டத்துக்குத் தண்ணி கட்டப் போனவர் வரப்பில் விழுந்து கிடக்கிறார். "ஹார்ட் அட்டாக்காத்தான் இருக்குமுங்க" என்று யாரோ சொன்னதும் குளிப்பாட்டி வேட்டியை மாற்றிவிடுகிறார்கள். கணுக்காலில் இரண்டு பல் தடம் இருந்ததைப் பிறகுதான் பார்க்கிறார்கள். இன்சூரன்ஸ் பேச்சு வரும்போது தடயம் பாதி போயிருக்கும்.

சந்தேக மரணத் தகவல் வந்ததும் இன்ஸ்பெக்டரோ எஸ்ஐயோ செய்ய வேண்டியதை பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 194 சொல்கிறது. 2024 ஜூலை 1-க்கு முன்பு இது பழைய சட்டமான சிஆர்பிசியின் 174. அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள இரண்டு பேராவது பஞ்சாயத்தாராக (சாட்சிகளாக) நிற்க, உடலைப் பார்த்துக் காயம், எலும்பு முறிவு, கன்றிப்போன இடம், எதனால் ஏற்பட்டது போலத் தெரிகிறது என்று பிரேத விசாரணை அறிக்கை எழுத வேண்டும். 24 மணி நேரத்தில் அது கலெக்டருக்கோ ஆர்டிஓவுக்கோ (வருவாய்க் கோட்டாட்சியர்) போக வேண்டும். யார் கொன்றது என்று முடிவு கட்டுவது இந்த அறிக்கையின் வேலையல்ல. மேலுக்குத் தெரியும் காரணத்தோடு அது நின்றுவிடும். ஆனால் பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர் கைக்கு முதலில் போவது இதுதான். "பாம்பு கடித்திருக்கலாம்" என்ற வரி இருந்தால் கடிவாய்த் தோலை வெட்டி எடுப்பார், ஒப்பிட்டுப் பார்க்க எதிர்க்காலின் தோலையும் எடுப்பார். அதனால் சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

விஷம் என்ற சந்தேகம் இருந்தால் உள்ளுறுப்புகள் ஆய்வகத்துக்குப் போகும். இரைப்பையும் அதிலுள்ளதும், சுமார் 30 செ.மீ. சிறுகுடலும் ஒரு ஜாடியில். ஈரல் 500 கிராம், இரண்டு சிறுநீரகத்திலும் பாதி பாதி இன்னொன்றில். இனிமேல் கரையாது என்ற அளவுக்கு உப்புப் போட்ட தண்ணீரில் மூழ்க வைத்து, மூன்றில் ஒரு பங்கு காலியாக விட வேண்டும். இல்லாவிட்டால் வாயு கிளம்பி மூடி தெறித்துவிடக்கூடும். ஃபார்மலின் ஊற்றினால் விஷத்தைப் பிரித்தெடுப்பது கஷ்டம். ஊற்றிய உப்புத் தண்ணீரில் கொஞ்சம் தனியாக அனுப்பவில்லையென்றால், விஷம் அந்தத் தண்ணீரிலேயே இருந்ததோ என்று பின்னால் கேள்வி வரும். எங்கள் பக்கத்து ஜாடிகள் கோவை வட்டார ஆய்வகத்துக்குப் போகின்றன. பதில் வரும் வரை டாக்டரின் இறுதிக் கருத்து நிலுவையில் கிடக்கும், இன்சூரன்ஸும்தான்.

கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் சந்தேகமான முறையில் இறந்தால் போலீஸ் மட்டும் விசாரித்து முடிக்க முடியாது, ஆர்டிஓ விசாரணை வேண்டும். முடிந்தவரை பெற்றோர், உடன்பிறந்தவர் போன்ற உறவினருக்குத் தகவல் சொல்லி, விசாரணையில் இருக்க அனுமதிக்க வேண்டும் என்கிறது 196. கல்யாணத் தேதிக்குச் சான்றாகப் பத்திரிகையோ பதிவுச் சான்றோ கையில் வைத்திருங்கள். ஏழு வருஷமா, ஏழே கால் வருஷமா என்ற சண்டை மார்ச்சுவரி வாசலிலேயே தொடங்கிவிடும்.